பங்காளி மரங்கள்

பொன்னுக்காளைக்கு முதலில் துரோகம் செய்தவன் அவனோடு கூடப்பிறந்த அண்ணன் அங்கண்ணன். அதற்குப் பிறகு துரோகம் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு. எடையில் கை வைத்த மண்டிக்காரன் உண்டு, பெண்டாட்டி செத்ததற்கு வந்து நிற்காத மைத்துனன் உண்டு, பூண்டு காயும் நேரம் பார்த்துப் பெய்கிற மழையும் உண்டு. ஆனால் அவர்களையெல்லாம் பொன்னுக்காளை வரிசையில் பின்னால் நிறுத்தி வைத்திருந்தான். முதல் இடம் அண்ணனுக்குத்தான். அதை அவன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது ஊசிக்கானல். அந்த ஊரில் பாகம் பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு எது மிஞ்சும் என்று தெரியாது, அதனால் நியாயமாகப் பிரிப்பான். எடுக்கிறவன் தானே எடுத்ததால் பின்னால் வாய் திறக்க மாட்டான். இதைவிட நல்ல வழியை எந்தக் கோர்ட்டும் கண்டுபிடிக்கவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அப்பன் விட்டுப்போன நிலத்தில் இரண்டு அக்ரூட் மரங்கள் இருந்தன. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்தவை. மேற்கே நின்றது வெளுத்த பட்டையுள்ள மரம். அதன் கொட்டையை இரண்டைச் சேர்த்து உள்ளங்கையில் வைத்து நெரித்தால் உடையும். கிழக்கே நின்றது கறுத்த பட்டையுள்ளது; அதன் கொட்டையை உடைக்கச் சம்மட்டி வேண்டும், உடைத்தாலும் பருப்பை ஊசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். இலையைப் பார்த்தால் ஒரு வயிற்றில் பிறந்தவை போலிருக்கும், கொட்டையைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காதவை போலிருக்கும்.

அங்கண்ணன் இரண்டு மரத்துக்கும் நடுவே கிடந்த தட்டைப்பாறையில் ஏறி நின்று கையை நீட்டி, இது மேற்கு, இது கிழக்கு என்று பிரித்தான். கிழக்குப் பாகத்தில் ஊற்று இருந்தது, தரை சமமாக இருந்தது. அது ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது என்று பொன்னுக்காளை கேட்டுக்கொள்ளவில்லை. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து மலையேறி வந்தவன் அவன்.

"எனக்குக் கிழக்கு, அண்ணே" என்றான்.

அங்கண்ணன் கொஞ்ச நேரம் கறுப்பு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "யோசிச்சு எடுத்துக்க தம்பி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்தச் சொல்லைப் பொன்னுக்காளை பிற்பாடு ஆயுசு முழுக்க வாயில் போட்டு மென்றான். அது எச்சரிக்கையா, அல்லது எச்சரித்ததாக நாளைக்குச் சொல்லிக்கொள்வதற்கு வைத்த சாட்சியா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாறையை ஒட்டி, இரண்டு பாகத்துக்கும் நடுவே கல்கட்டு எழுந்தது. பொன்னுக்காளை உருளைக்கிழங்கு போட்டான். செடி முழங்கால் உயரம் வந்து, பச்சையாக நின்று, பூவெடுக்கப் போகிற நேரத்தில் ஒரு காலையில் மொத்தமாகத் தலையைத் தொங்கப் போட்டது. அடுத்த போகமும் அப்படியே. கடன் வாங்கித் தக்காளி போட்டான், அதுவும் நின்ற நிலையில் செத்தது. அவன் பெண்டாட்டி அழகுத்தாய் கழுத்தில் இருந்ததும் காதில் இருந்ததும் மலையிறங்கிப் போயின. பூண்டு மட்டும் விளைந்தது. ஆனால் பூண்டு விளைந்ததைப் பொன்னுக்காளை எப்போது கதை சொன்னாலும் சேர்த்துக்கொள்வதில்லை.

தோட்டக்கலை ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், கால்சட்டையில் மண் படுவதைப் பற்றிக் கவலைப்படாதவர். வாடின செடியைப் பிடுங்கி, தண்டைக் கீறி, நிமிர்ந்து கறுப்பு மரத்தைப் பார்த்தார்.

"இந்த மரத்து வேர் ஒரு விஷத்தை விடும்யா. கிழங்கு, தக்காளி ஒண்ணும் பக்கத்துல ஆகாது. உங்கப்பா இங்க என்ன போட்டாரு?"

பொன்னுக்காளை யோசித்தான். அப்பன் இங்கே எதுவும் போட்டதில்லை. மாடு கட்டினார். அவன் ஏலத்தோட்டத்தில் இருந்த வருடங்களில் அப்பனோடு மண்வெட்டி பிடித்து நின்றவன் அங்கண்ணன். அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் பொன்னுக்காளை கல்கட்டுக்குப் போய், பிறந்ததிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடாத அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"அடே அங்கண்ணா! தெரிஞ்சேதானடா குடுத்தே! தெரிஞ்சேதான குடுத்தே!"

அங்கண்ணன் எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குந்தி மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. ஆப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனான். காது கேட்காதவன் மாதிரி நடிக்கிறானே என்று பொன்னுக்காளை நேரே ஊர்க்கோயிலுக்குப் போய், உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணினான். தெரிந்துதான் செய்தேன் என்று அவன் வாயால், பிரித்த அந்தப் பாறையில் நின்று, தன் காது கேட்கச் சொல்கிறவரை அவன் வாசல் மிதிப்பதில்லை, வேறெங்கும் அவனோடு பேசுவதுமில்லை.

ஒரு மாதம் போல ஆனது. பொன்னுக்காளை பூண்டு மூட்டையோடு வத்தலகுண்டுச் சந்தைக்குப் போயிருந்தான். அங்கண்ணன் வீட்டார் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத கல்கட்டுக்கு மேலாக, "அடே அங்கண்ணா" என்று பொன்னுக்காளையின் குரல் வந்தது. "தெரிஞ்சேதான குடுத்தே" என்று இரண்டு தடவை கேட்டது. அங்கண்ணன் எச்சில் கையோடு ஓடிப் போய்ப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு கோழிதான் நின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டானே என்ற கொதிப்பில் அவனும் கோழியைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். அது இன்னொரு மாதம் கழித்து, பொன்னுக்காளை கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்தது.

இப்படித்தான் ஊசிக்கானலில், கல்கட்டுக்கு இந்தப் பக்கம் பேசுகிற பேச்சு அந்தப் பக்கம் போக ஒரு மாதம் ஆகும் என்று தெரிய வந்தது.

ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடை இராயப்பன் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே காரணம் சொன்னான்: "மேக்கால மரம் பூத்துக் கொட்டி ஒரு மாசம் கழிச்சுத்தான கெழக்கால மரம் பூக்குது? பூவுக்கு ஆகுற நேரம் பேச்சுக்கும் ஆகுது. மரத்தோட நிழல்ல குடியிருக்கிறவன் மரத்தோட புத்தியிலதான் இருப்பான்." அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது.

ஆபீசர் மறுபடி வந்தபோது ஊர் அவரிடமும் கேட்டது. அவர் இரண்டு மரத்தின் பூவையும் பார்த்துவிட்டுச் சொன்னார். இரண்டும் ஒரே சாதி வகைதான், காற்றில்தான் பூந்தூள் போகும், இவ்வளவு கிட்டத்தில் நிற்கின்றன. ஆனால் இது தூள் விடும்போது அதன் பெண்பூ மூடியிருக்கும், அது திறக்கும்போது இதில் தூள் தீர்ந்திருக்கும். ஒரே மரத்திலேயே ஆண்பூவும் பெண்பூவும் சேர்ந்தாற்போல் மலர்வதில்லை, பிறகு பக்கத்து மரத்துக்கு எங்கே போவது? தப்பித் தவறித் தூள் விழுந்தாலும் பூ அநேகமாய் அதை ஏற்றுக்கொள்ளாது, ஏற்றாலும் காய் பொக்காகப் போகும். என்றைக்கோ ஒரு வருடம் பனி கெடுத்து, முன்னால் பூக்கிறது பிந்தி, இரண்டும் ஒரு சேரப் பூத்தால் ஒன்றிரண்டு கொட்டை பிடிக்கலாம்.

"பங்காளி மரம்னு சொல்லுங்க சார்" என்றான் இராயப்பன். "பங்காளிக்குள்ள சம்பந்தம் எப்படி ஆகும்?"

"அந்தப் பேச்சு விஷயம்?" என்று ஒருத்தர் இழுத்தார்.

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லய்யா" என்று ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. மாசி மாதத்தில் கல்கட்டுப் பக்கம் யாரும் ஏசக் கூடாது, அது பங்குனித் திருவிழாவில் வந்து விழும் என்று பஞ்சாயத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். கல்கட்டுக்கு மேலாக முட்டைக்கு விலை பேசின ஒருத்திக்குப் பேரம் படிவதற்குள் கோழியே கிழடாகிப் போனது. மாமியாரை ஒன்றும் சொல்ல முடியாத மேலத்தெரு மருமகள் ஒருத்தி, மாமியார் அங்கண்ணன் வீட்டுக்கு மாவாட்டப் போகிற கிழமை பார்த்து, கிழக்கே நின்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, அது போய்ச் சேருகிற சமயத்துக்குப் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். மாமியார் ஆட்டுக்கல்லில் கையை வைத்தபடி முழுவதையும் கேட்டாள் என்றும், பிறகு பேரப்பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் கொண்டு போனாள் என்றும் சொல்வார்கள்.

அங்கண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பொன்னுக்காளை போகவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து நாயனம் தன் வாசலுக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்குக் காலையிலேயே குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கறுப்பு மரத்தடியில் வந்து உட்கார்ந்தான். அழகுத்தாய் பாயசம் வைத்தாள். கெட்டிமேளம் வெறும் காற்றில் வந்தபோது அவள் கையிலிருந்த அரிசியைக் கல்கட்டுக்கு மேலே எறிந்தாள். பொன்னுக்காளை பார்க்காதது போல் இருந்தான்.

"ஒரு எட்டுப் போயி அண்ணே அப்படின்னா என்ன கொறஞ்சு போகும்?" என்றாள்.

"அவன் சொல்லட்டும். நான் கேக்குறது ஒரே வார்த்தை. நெலமா கேட்டேன்?"

"அவரும் ஒரு வார்த்தைதானாம் கேக்குறாரு. பேர் சொன்னது தப்புன்னு சொல்லணுமாம்."

"மொதல்ல யாரு செஞ்சது?"

அவள் பாயசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு இருமி இருமி, ஒரு ஐப்பசி மழையில் செத்துப் போனாள். பொன்னுக்காளை அன்றைக்கு அழுத அழுகை கார்த்திகையில், அங்கண்ணன் பேத்திக்குக் காது குத்துகிற பந்தலில் போய் இறங்கியது. இழவுக்கு வந்து, வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்று, மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போனவன்தான் அங்கண்ணன். ஆனால் தம்பியின் அழுகையைப் பக்கத்தில் நின்று கேட்டது அன்றைக்குத்தான். ஆசாரி ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை மூடினார்கள். அங்கண்ணன் எழுந்துபோய்க் கல்கட்டில் கையை வைத்து, "அழுகாதடா தம்பி, அண்ணன் இருக்கேன்டா" என்றானாம்.

அந்தச் சொல் மார்கழியில் வந்தது. அன்றைக்குப் பார்த்து, கறுப்பு மரத்து வேர் ஊற்றுக்கண்ணை அடைத்துத் தண்ணீர் நின்று போயிருந்தது. பொன்னுக்காளை கடப்பாரையோடு வேரை வெட்டி வெட்டிக் கை கிழிந்து நின்றிருந்தான். "அண்ணன் இருக்கேன்டா" என்று காற்று சொன்னபோது, "இருக்கியா? அதான்டா என் கேடு!" என்று கத்தினான். கத்தின பிறகுதான் அந்தக் குரல் எவ்வளவு இளகியிருந்தது என்று உறைத்தது. அதற்குள் அவன் கத்தினது கிளம்பிவிட்டது, கிளம்பினதைத் திருப்ப ஊசிக்கானலில் யாராலும் முடியாது. தை மாதம் அது போய்ச் சேர்ந்தபோது அங்கண்ணன் தம்பிக்கென்று பொங்கல் சீர் எடுத்து வைத்திருந்தானாம். பானையை உள்ளே தூக்கிக்கொண்டு போனானாம். ஒருவன் திறந்திருக்கும்போது மற்றவன் மூடியிருந்தான், மற்றவன் திறக்கும்போது இவனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு வருடம் பனி மிகவும் கெட்டுப் போய்ப் பங்குனி வரைக்கும் விழுந்தது. மேற்கு மரத்தின் முதல் அரும்புகள் கருகி உதிர்ந்து, அது தயங்கித் தயங்கி இரண்டாவது தடவை அரும்புவிட்டபோது கிழக்கு மரமும் அரும்பு விட்டிருந்தது. ஒரு காலையில் பொன்னுக்காளை கன்றை அதட்டின சத்தம் கேட்டு அங்கண்ணன் வீட்டு நாய் அதே மூச்சில் குரைத்தது. ஊரே ஓடி வந்தது. இராயப்பன் அடுப்பை அணைக்காமல் கடையை விட்டு வந்தான்.

"காளையண்ணே, பாறைக்குப் போ! ரெண்டும் ஒண்ணாப் பூத்திருக்கு. இப்பச் சொன்னா இப்பவே கேக்கும்."

பொன்னுக்காளை சட்டையை மாட்டிக்கொண்டு போனான். அங்கண்ணன் முன்பே தலைப்பாகை கட்டிப் பாறையில் ஏறி நின்றிருந்தான். அவ்வளவு கிட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் மயிர் நரைத்து, இரண்டு பேருக்கும் அப்பனுடைய தாடை வந்திருந்தது. மேலே இரண்டு மரத்துப் பூந்தூளும் கலந்து மஞ்சளாகப் புகைந்துகொண்டிருந்தது, தலையில், தோளில், புருவத்தில் எல்லாம் படிந்தது.

செய்தவன்தானே முதலில் வாய் திறக்க வேண்டும் என்று பொன்னுக்காளை காத்திருந்தான். இளையவன்தானே முதலில் அண்ணே என்று கூப்பிட வேண்டும் என்று அங்கண்ணன் காத்திருந்தான். அங்கண்ணன் இருமினான், இருமல் இருமலாகவே உடனே வந்து சேர்ந்தது. பொன்னுக்காளை தொண்டையைச் செருமினான். வெயில் ஏறியது. பெண்கள் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். "பேசுங்கப்பா, பூ கொட்டுது!" என்று இராயப்பன் கும்பிட்டுக் கெஞ்சினான். மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வந்து இருந்த பூவையெல்லாம் உதிர்த்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருடம் கறுப்பு மரத்தில் ஒரு கொட்டை மட்டும் வேறு மாதிரி இருந்தது, முழுக்கக் கறுப்புமில்லை, வெளுப்புமில்லை. பொன்னுக்காளை அதை உடைக்காமல் பெட்டியில் போட்டு வைத்தான்.

அடுத்த வருடம் அங்கண்ணன் படுத்தான். வயிற்றில் கட்டி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். பொன்னுக்காளை கேள்விப்பட்டு கல்கட்டுவரை போவான், வருவான். சூடம் அணைத்த உள்ளங்கையைப் பார்ப்பான். ஒரு நாள் இராயப்பன் கடையில், "இன்னும் தாங்குவானா?" என்று மட்டும் கேட்டான். "போயிப் பாரேன்" என்றதற்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

அங்கண்ணன் ஒரு சித்திரைக் காலையில் செத்தான். பறையடிக்கிற சத்தம் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்ததால் உடனே கேட்டது. அந்த ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு: செத்தவனுக்குச் சிதையில் வைக்கிற முதல் கட்டை பங்காளி வீட்டு மரமாக இருக்க வேண்டும். எவ்வளவு பகை இருந்தாலும் அது தப்பாது. ஒரு கிளையை வெட்டிக்கொடுத்தால் போதும். பொன்னுக்காளை மரமறுக்கிற மிஷின்காரனைக் கூட்டிவந்து அடியில் கையை வைத்துக் காட்டினான்.

"முழுசாவா?" என்றான் மிஷின்காரன். "பச்ச மரம் எரியாதுய்யா."

"அறு. அவன் குடுத்தத அவன்கிட்டயே அனுப்புறேன்."

கோபத்தில் சொன்னானா, வேறெதிலாவது சொன்னானா என்று யாரும் கேட்கவில்லை. அவன் முகம் கேட்கிற மாதிரி இல்லை. அந்த மரம் விழுந்தபோது மலை ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தது போலிருந்தது. அரும்போடு விழுந்தது. கட்டைகளை வண்டியில் ஏற்றிச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனான். அண்ணன் வாசலை மிதிக்காமல் நேரே அங்கே போய் நின்று, முதல் கட்டையைத் தன் கையால் அவன் நெஞ்சுக்கு நேராக வைத்தான். பச்சை மரம் எரியவில்லை. தைலமரக் கட்டையும் மண்ணெண்ணெயும் போட்டு, சாயங்காலம் வரை புகைந்து, எல்லோருடைய கண்ணும் கலங்கியது. அதனால் பொன்னுக்காளையின் கண்ணையும் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மதினி ராக்கம்மாள் ரோட்டைச் சுற்றி அவன் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைச் சேலையில் சின்ன உருவமாக நின்றாள். கறுப்பு மரம் நின்ற இடத்தில் வானம் தெரிவதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன செஞ்சீங்க கொழுந்தனாரே?"

"மொத கட்டை குடுத்தேன் மதினி. மொறைதான?"

"ஐயோ, உங்கண்ணன் சாகுறதுக்கு முந்துன நாள் பாறைக்குத் தூக்கிட்டுப் போகச் சொன்னாரு. நாலு பேரு கட்டிலோட தூக்கினாங்க. எல்லாரும் தள்ளிப் போங்க, இது அவனுக்குன்னாரு. பாறை மேல கையை ஊனி எந்திரிச்சு நின்னாரு. பேசுனாரு. ரொம்ப நேரம் பேசுனாரு."

பொன்னுக்காளை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"என்ன சொன்னான்?"

"யாருக்குத் தெரியும்? எல்லாரையும் தொலைவா போகச் சொல்லிட்டாரே. ஒரு மாசத்துல தானா போய்ச் சேரும், நான் இருக்க மாட்டேன், அது இருக்கும், அவன் கேக்கட்டும்னாரு." அவள் வெட்டின அடிமரத்தைப் பார்த்தாள். அதில் கறுப்பாகச் சாறு கசிந்துகொண்டிருந்தது. "பூக்குற மரத்தையில்ல சாச்சுப்புட்டீங்க. இனி அது எங்க வந்து எறங்கும்?"

வைகாசி முழுக்கப் பொன்னுக்காளை கல்கட்டோரம் உட்கார்ந்திருந்தான். ஊரும் சத்தமில்லாமல் இருந்தது. அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடிக்கவில்லை, பெண்கள் குடத்தை வைக்கும்போதும் மெதுவாக வைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. சோதித்துப் பார்க்க மதினி மேற்கே நின்று, "கொழுந்தனாரே" என்று கூப்பிட்டாள். அது எல்லா ஊரிலும் கேட்பது போல உடனே கேட்டது. அதைக் கேட்டதும் பொன்னுக்காளை தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனியில் அவன் பெட்டியைத் திறந்து அந்தக் கொட்டையை எடுத்து, அடிமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தான். அது முளைத்தது. ஊரில் யாரும் அப்படி வளர்கிற மரத்தைப் பார்த்ததில்லை. வீட்டுக் கூரையைத் தாண்டி, மேற்கு மரத்தையும் எட்டிப் பிடிக்கப் போகிறது. ஆனால் இன்றுவரை பூக்கவில்லை. ரிட்டயராகிவிட்ட அந்த ஆபீசர் ஒரு தடவை மலைக்கு வந்தபோது பார்த்து, கலப்பு மரம் இப்படித்தான் தழைக்கும், பூவும் காயும் மட்டும் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அங்கண்ணன் பேத்தி, அன்றைக்குக் காது குத்தினவள், சில சாயங்காலங்களில் கல்கட்டைத் தாண்டி வந்து டீ கொடுத்துவிட்டு, "விடுங்க தாத்தா, மன்னிச்சுருன்னுதான் சொல்லியிருப்பாரு. வேற என்ன சொல்லப் போறாரு?" என்பாள்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்னு சொன்னானோ, தெரியாமக் குடுத்தேன்னு சொன்னானோ" என்பான் பொன்னுக்காளை. "நீ சொன்னா ஆச்சா? அவன் சொல்லணும். எனக்கு அவன் ஒரு வார்த்தை தரணும்."

சொல்லிவிட்டு, ஊற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு அந்த மரத்துக்கு ஊற்றி, ஒவ்வொரு கிளையாக நிமிர்ந்து பார்த்து, அரும்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், வயதில் மந்தமாகாமல் மிஞ்சின ஒரு காதை மேற்கே திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவான்.